சேற்றுக்குழி வழக்கும் செலவாகாத பூவும்

ஒரு காட்டில் ஓர் அரசாங்கம் இருந்தது. காட்டுக்கு மரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், அரசாங்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காட்டு மிருகங்களும் முதலில் அப்படித்தான் கேட்டன. வரி போட ஆரம்பித்த பிறகு கேட்பதற்கு அவற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வரி என்றால் இலுப்பைப் பூ. கோடை தொடங்கும்போது இலுப்பை மரங்கள் பூ உதிர்க்கும். பொறுக்கிக் காயவைத்தால் வருடம் முழுக்க இனிக்கும். பொறுக்கியதில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் குகைக் கஜானாவில் கொட்டிவிட வேண்டும். கஜானாவுக்குக் கரடியைக் காவல் போட்டிருந்தார்கள். கரடிக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர் என்பது எல்லாருக்கும் தெரியும், அரசாங்கத்தைத் தவிர.

ராஜா புலி. அவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. பெரும்பாலும் ஓய்வில் இருந்தார்.

இந்தக் காட்டின் தெற்குச் சரிவில் கூழைவாலன் என்று ஓர் எருமை வாழ்ந்தான். கன்றாக இருந்தபோது ஆற்றில் முதலை அவன் வாலைப் பிடித்தது. வாலில் பாதியை அதனிடமே கொடுத்துவிட்டுக் கரையேறியவன். உயிர் பிழைத்தது சரி, ஆனால் வால் குறைந்த எருமைக்கு ஈ ஓட்ட வழியில்லை. முதுகில் உட்கார்ந்த ஈ, சொந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். கடித்த இடத்திலேயே கடிக்கும். புண்ணாகும், புழு வைக்கும். அப்படிப்பட்டவனுக்குச் சேறுதான் வால், சேறுதான் தோல், சேறுதான் வைத்தியர்.

நல்லவேளையாக அவனுக்கு ஒரு சேற்றுக்குழி இருந்தது. அவன் அப்பா கொம்பால் தோண்டியது. அடியில் சின்னதாக ஓர் ஊற்று. களிமண் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதில் மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்துவிட்டால் ஈக்கள் மேலே பறந்து பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போய்விடும். அந்தக் குழி போனால் தான் ஒரு கோடையைத் தாண்ட மாட்டோம் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கூழைவாலனிடம் இன்னொரு சங்கதி உண்டு. மற்ற எருமைகள் புல்லை மட்டும் அசைபோடும். அவன் கோபத்தையும் அசைபோடுவான். காலையில் விழுங்கிய கோபத்தை மத்தியானம் மேலே கொண்டுவந்து, நிதானமாக மென்று, ருசி பார்த்து, திரும்ப உள்ளே அனுப்புவான். மறுநாளும் அதே கோபம் அதே பதத்தில் மேலே வரும். ஆறாது, ஊசிப்போகாது.

அவன் அசைபோட்டவற்றில் மிகப் பழையது பக்கத்துக் குழிக்காரன் கோரையனைப் பற்றியது. கோரையன் காட்டுப்பன்றி. சரிவில் சற்றுக் கீழே அவனுக்கும் ஒரு குழி இருந்தது. தன் மகள் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் புரள்வதற்குக் கூழைவாலனின் குழியைக் கேட்டான். தன் குழியை அவனே கிழங்குக்காகக் கிண்டிக் கிண்டி வறண்ட மண்ணாக்கி வைத்திருந்தான். கூழைவாலன் மறுத்துவிட்டான். இத்தனை பன்றி புரண்ட சேற்றில் நான் எப்படி மூக்கை வைப்பேன் என்று மாப்பிள்ளை வீட்டார் காதுபடவே கேட்டுவிட்டான். அதற்குக் கோரையன், அரைவாலுக்கு இவ்வளவு திமிர் என்றால் முழு வால் இருந்திருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருப்பான் என்று சம்பந்திகளிடம் சொல்லிச் சிரித்தான். சம்பந்திகளும் சிரித்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பதைக் கூழைவாலன் அன்றே மறந்துவிட்டான். அவர்கள் சிரித்ததை மறக்கவில்லை. யார் யாருக்கு எந்தப் பல் தெரிந்தது என்பதுகூட அவனுக்கு ஞாபகம் இருந்தது.

அந்த வருடம் அரசாங்கம் சட்டத்துறை என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்தது. பக்கத்துக் காட்டில் இருக்கிறதாம், நமக்கு இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல் என்று மந்திரிகள் சொன்னார்கள். செயலாளராக மலைப்பாம்பைப் போட்டார்கள். எதையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, அதற்கப்புறம் அசையாமல் கிடக்கிறவர் அவர். அரசு வக்கீலாக ஓர் உண்ணிக்கொக்கைப் போட்டார்கள். ஒன்றும் செய்யாமல் ஒற்றைக்காலில் நிற்பதையே பெரிய வேலை மாதிரி காட்டத் தெரிந்தவர் அவர். நீதிபதி ஆமையார் முன்பிருந்தே இருந்தார். சிக்கலான கேள்வி வந்தால் ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். தலை எப்போது வெளியே வருகிறதோ அதுதான் அடுத்த வாய்தா.

துறை என்று வந்துவிட்டால் நிதி வேண்டும் அல்லவா. கஜானாவிலிருந்து ஒரு பெரிய குவியல் பூவை எடுத்து, வழக்கு நிதி என்று பெயர் வைத்து, மலைப்பாம்பின் குகையில் கொட்டினார்கள். அரசாங்க நிலத்தை யாராவது அனுபவித்துக்கொண்டிருந்தால் அவர்மேல் சிவில் வழக்குப் போட்டு மீட்பதற்காக அந்த நிதி. அதற்கு இரண்டு விதிகள். அரசாங்கம் தானாகப் போய் எவன் நிலத்திலும் கைவைக்கிறது என்ற பெயர் வரக்கூடாது. ஆகவே அக்கம்பக்கத்தார் யாராவது வந்து புகார் சொன்னால்தான் வழக்குப் போடலாம். இது ஒன்று. அடுத்த வருடப் பூ உதிர்வதற்குள் செலவாகாத பூவைக் கஜானாவில் திருப்பிக் கொட்டிவிட வேண்டும், திருப்பிக் கொட்டிய அளவு அடுத்த ஒதுக்கீட்டில் வெட்டப்படும். இது இன்னொன்று.

முதல் விதியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இரண்டாவது விதியை நினைத்து மலைப்பாம்புக்குத் தூக்கம் கெட்டுப்போனது. வருடம் முடியப் போகிறது, ஒரு புகார்கூட வரவில்லை. மிருகங்கள் சண்டை போட்டால் கடித்துக்கொண்டன, முட்டிக்கொண்டன, மறுநாள் சேர்ந்து தண்ணீர் குடித்தன. அரசாங்கத்தின் மேல் ஒருவருக்கும் அக்கறை இல்லை என்று மலைப்பாம்பு கொக்கிடம் வருத்தப்பட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோரையன் உள்ளே நுழைந்தான். கூழைவாலன் படுத்திருப்பது குழியே அல்ல, பழைய ஓடைப் புறம்போக்கு, அரசாங்கச் சொத்து என்றான். மலைப்பாம்பு அவனைச் சுற்றி வளைத்து அணைத்துக்கொண்டார். அன்பினால்தான். இருந்தாலும் கோரையனுக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்றுபோய்விட்டது.

மறுநாள் காலை கூழைவாலன் சேற்றில் சுகமாகக் கிடந்தான். முதுகில் பழகிய கால்கள் வந்து இறங்கின. அந்தக் கொக்கு பதவிக்கு வருவதற்கு முன் தினமும் அவன் முதுகில் உண்ணி பொறுக்கித்தான் வயிறு வளர்த்தது. கூழைவாலன் பழைய பழக்கத்தில் தோளைச் சிலிர்த்து, அரிக்கிற இடத்தைக் காட்டினான். கொக்கு குனியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எதிர்வாதி கூழைவாலன் நீதானே?"

"என்னப்பா இது. என் முதுகுமேலயே நின்னுக்கிட்டு நான் யாருன்னு என்னையே கேக்கறே."

"ஐயான்னு சொல்லு. இப்ப நான் அரசு வக்கீல்."

வழக்கு இன்னது என்று கொக்கு சொல்லி முடித்தார். குழி அரசாங்கத்துடையது, அவன் அதை விட்டு எழுந்திருக்க வேண்டும், இத்தனை நாள் படுத்திருந்ததற்கு நஷ்டஈடும் தர வேண்டும். யார் சொன்னது என்று கூழைவாலன் கேட்டான். அக்கம்பக்கத்தார் என்றார் கொக்கு. மேல்பக்கம் பாறை, இரண்டு பக்கமும் புதர். அக்கம்பக்கம் என்று சொல்ல ஒருவன்தான் உண்டு. கூழைவாலன் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டான். சேற்றில் குமிழி கிளம்பியது.

"சரிங்க ஐயா. இந்த வழக்குக்கு ஆகிற செலவுக்கு யாரு பூ குடுக்கறது?"

"அரசாங்கம்."

"அரசாங்கத்துக்கு யாரு குடுக்கறது?"

"நீங்கள்லாம்தான்" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்தார்.

அன்று முழுக்கக் கூழைவாலன் அதையே மென்றான். வெயிலில் நின்று, ஈக்கடி பட்டு, மூச்சு வாங்கப் பொறுக்கிய பூ. அதைத் தானே சுமந்துபோய்க் கொட்டிவிட்டு வந்தான். அதை எடுத்துத்தான் அவன் குழியைப் பிடுங்க வழக்குப் போடுகிறார்கள். முதலைகூட இந்த அளவுக்குப் போகவில்லை. வாலைக் கடிக்க அவனிடமே பல் கேட்கவில்லை.

கோர்ட்டு என்பது மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைப்பாறை. நிழல் கிடையாது. கூழைவாலன் போவதற்குள் சேறு காய்ந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் ஈக்கள் வந்துவிடும். ஆமையார் முன் நின்று, இது என் அப்பா தோண்டிய குழி, கொம்பு பட்ட தடம் இன்னும் பாறையில் இருக்கிறது என்பான். கொக்கு ஒற்றைக்காலில் நின்று, அரசாங்கம் பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்பார். ஆமையார் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொக்குக்கு ஒரு பை பூ. கொக்கு பூ தின்பதில்லை. அவர் பெண்டாட்டி அதைக் கூட்டில் பரப்பி மெத்தை போட்டாள். போகப் போக அந்த மெத்தை உயர்ந்து, குஞ்சுகள் விளிம்பைத் தாண்டிக் கீழே விழுகிற உயரத்துக்கு வந்துவிட்டது.

கூழைவாலன் முதுகில் புண் வந்தது. அவன் மனைவி பூரணி மூலிகையை மென்று தடவிவிட்டாள். தடவும்போதே கேட்கவும் செய்தாள்.

"யாருகிட்ட ஜெயிக்கப் போறீங்க? புலிகிட்டயா, பன்னிகிட்டயா? குழியைத் தூக்கிக் குடுத்துட்டு ஆத்துப்பக்கம் போயிடலாம்."

"ஆத்துல முதலை இருக்கு."

"முதலை வாலோட விட்டுச்சு. இவங்க விடற மாதிரி தெரியல."

அவனுக்கு அது சுருக்கென்று பட்டது. கோரையன் முன்னால் தோற்றுப் போவதை நினைத்தால் கொம்பு சூடாகியது. முதுகை நினைத்தால் அடுத்த வாய்தாவுக்கு நடக்கவே பயமாக இருந்தது. கடைசியில் முதுகுதான் ஜெயித்தது. ஒரு நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மலைப்பாம்பின் குகைக்குப் போனான்.

"குழியை விட்டுடறேன் ஐயா. எடுத்துக்குங்க. வழக்கை முடிச்சுடுங்க."

மலைப்பாம்புக்கு இமை கிடையாது. இருந்திருந்தால் கொட்டியிருக்கும்.  வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு நாங்க என்னப்பா கெடுதல் செஞ்சோம்?"

கூழைவாலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மலைப்பாம்பு விளக்கினார். இந்தத் துறைக்கு இருப்பது ஒரே வழக்கு. அது முடிந்தால் செலவு நிற்கும். செலவு நின்றால் மிச்சப் பூவைத் திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்டினால் ஒதுக்கீடு வெட்டப்படும். ஒதுக்கீடு வெட்டப்பட்டால் துறை போகும். கொக்கு மறுபடி உண்ணி பொறுக்கப் போக வேண்டும், தான் இந்த வயதில் எலிக்கு அலைய வேண்டும். இரண்டு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்த உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார்.

அப்படியென்றால் என்னையே ஜெயிக்க விட்டுவிடுங்கள் என்றான் கூழைவாலன்.

"ஜெயிச்சாலும் வழக்கு முடிஞ்சுதானே போகும். நாங்க கேக்கிறதெல்லாம் ஒண்ணுதான். தோக்காதே, ஜெயிக்காதே. இருந்த இடத்துல இருந்து எதிர்த்துக்கிட்டே இரு."

கூழைவாலன் திரும்பி நின்று முதுகைக் காட்டினான். இப்படியே கோர்ட்டுக்கு நடந்தால் அடுத்த பூவை அவன் பார்க்கப் போவதில்லை என்றான். எதிர்வாதி செத்துவிட்டால் வழக்கு என்ன ஆகும் என்று மலைப்பாம்பு யோசித்தார். யோசித்தவர் அப்படியே நீண்டு படுத்துவிட்டார். கொக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பேரும் மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள்.

அந்த வாரமே எல்லாம் மாறியது. எதிர்வாதி கோர்ட்டுக்குப் போக வேண்டாம், கோர்ட்டு அவனிடம் வரும் என்றானது. ஆமையார் குழிக்கரைக்கே வந்தார். அவருக்கும் சேறு பிடிக்கும். உள்ளே இறங்கி உட்கார்ந்து, தீர்ப்பு வரும்வரை இந்தச் சொத்து இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். கோடையில் ஊற்று வற்றினால் சொத்து இருக்கிறபடியே இருக்காது அல்லவா. ஆகவே யானைகள் ஆற்றிலிருந்து தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றின. யானைகளுக்குக் கூலி வழக்கு நிதியிலிருந்து. எதிர்வாதி உயிரோடும் திடமாகவும் இருந்தால்தான் எதிர்க்க முடியும். ஆகவே கூழைவாலனுக்கு மாதாமாதம் ஒரு படி பூ, அதுவும் வழக்கு நிதியிலிருந்து. அரசாங்கச் சொத்தில் ஈக்கள் சேதம் விளைவிக்கின்றனவா என்று கொக்கு தினமும் வந்து அவன் முதுகைப் பார்வையிட்டார். பார்வையிடும்போது குனிந்து உண்ணியும் பொறுக்கினார். முன்பு சும்மா பொறுக்கியவருக்கு இப்போது பார்வைப் படி கிடைத்தது.

புண் ஆறியது. மேனி கறுப்பாக மினுங்கியது. பூரணிக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "அரசாங்கத்துக்கு வேண்டியவங்க எல்லாம் வத்தலும் தொத்தலுமா அலையறாங்க. எதிரியைப் பாரு, எப்படி வச்சிருக்காங்க" என்றாள்.

கோரையனும் இதைப் பார்த்தான். அவன் குழியில் சேறு இல்லை, தண்ணீர் இல்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வெளியில், நான் புகார் கொடுத்ததால்தானே அவனுக்கு இந்த வாழ்வு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். இது கூழைவாலன் காதுக்கு வந்தது. உண்மைதானே, ஒரு வார்த்தை நன்றி சொன்னால் என்ன என்று பூரணி கேட்டாள். அவன் மென்றதை நிறுத்திவிட்டுச் சொன்னான், "அவன் என்னைக் கெடுக்கத்தான் போனான். கெடுக்கத் தெரியாம நல்லது பண்ணிட்டான். தெரியாததுக்கெல்லாம் நன்றி கிடையாது." சொல்லிவிட்டு மறுபடி மென்றான்.

சில கோடைகள் போயின. வழக்கு தன் பாட்டுக்கு நடந்தது. வழக்கு இத்தனை கடினமானதா என்று மந்திரிகள் வியந்து, வருடா வருடம் நிதியைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

அப்போது புலிக்கு அருவியில் குளிக்க ஆசை வந்தது. ஓய்விலிருந்து எழுந்து அருவிக்குப் போய், மறுபடி ஓய்வுக்குத் திரும்ப ஒரு நல்ல பாதை வேண்டும் என்றார். பாதை தெற்குச் சரிவு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. சரிவில் யார் யார் நிலத்தை எடுக்கலாம் என்று மந்திரிகள் சட்டத்துறையைக் கேட்டார்கள். வழக்கில் இருக்கிற நிலத்தைத் தொடக்கூடாது, ஆமையார் உத்தரவு இருக்கிறது. வில்லங்கம் இல்லாத நிலத்தை எடுத்துக்கொள்வதில் ஒரு தடையும் இல்லை என்று மலைப்பாம்பு சொன்னார். சொந்தக்காரருக்கு ஒரு மாலை போட்டு நன்றி சொன்னால் போதும்.

யானைகள் வந்தன. முயல்களின் வளை, முள்ளம்பன்றியின் பொந்து, உடும்பு தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த புற்று, எல்லாவற்றுக்கும் உரிமை தெளிவாக இருந்தது. எல்லாருக்கும் மாலை கிடைத்தது. மாலையைப் போட்டுக்கொண்டு மூட்டை முடிச்சோடு மலை ஏறிப் போனார்கள். கூழைவாலன் குழியருகே வந்ததும் பாதை மரியாதையாக வளைந்தது. வளைந்த பாதை அடுத்துப் போக வேண்டியது கோரையன் குழி வழியாக.

கோரையன் மலைப்பாம்பிடம் ஓடினான். என் குழியும் புறம்போக்குதான், என்மேல் வழக்குப் போடுங்கள் என்று காலில் விழப் பார்த்தான். கால் இல்லாததால் வாலில் விழுந்தான். மலைப்பாம்புக்கும் ஆசைதான். அந்த வருடம் வந்து குவிந்த நிதியை ஒரு குழியை வைத்துக்கொண்டு செலவழிக்க முடியவில்லை. ஆனால் தன்மேல் தானே புகார் சொல்ல விதி இல்லை. அக்கம்பக்கத்தார்தான் சொல்ல வேண்டும். சரிவில் இப்போது அக்கம்பக்கம் என்று மிச்சமிருப்பது கூழைவாலன் மட்டும்.

கோரையன் குழிக்கரையில் வந்து நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மண்ணை முகர்ந்தான்.

"அண்ணே."

கூழைவாலன் மென்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, நாளைக்கு யானை வருது. புள்ளைக்குட்டிக்காரன். இந்த வயசுல எங்க போய்க் குழி தோண்டுவேன்? நீங்க போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கோரையன் திருடன், அரசாங்க நிலத்துல படுத்திருக்கான்னு சொல்லுங்க. அது போதும். காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

"நான் உன்னைத் திருடன்னு சொல்லணும்."

"ஆமாண்ணே."

"மனசார."

"வயிறாரச் சொல்லுங்கண்ணே."

யோசிக்கிறேன் என்று கூழைவாலன் சொன்னான். கோரையன் போனதும் பூரணி கரையில் வந்து உட்கார்ந்தாள். பழசையெல்லாம் மறந்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். கல்யாணத்தன்று பேசியதில் உங்கள் பக்கமும் தப்பு உண்டு என்றாள். பக்கத்தில் குடியிருந்தவன் கண்ணெதிரே தெருவில் நிற்பது நமக்கு நல்லதில்லை என்றாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. சேற்றை உதறிக்கொண்டு எழுந்தான்.

குகைக்குப் போகிற வழி முழுக்க அவன் மென்றான். புகார் சொல்லிவிடலாம் என்று பாதி தூரம் வரை நிஜமாகவே நினைத்தான். கோரையனின் பிள்ளைகளை நினைத்தான். மனசு சற்று இளகியது. அப்போது, அவன் கூப்பிடாமலே, அந்தப் பழைய கவளம் மேலே வந்தது. சம்பந்திகள் சிரித்தார்கள். எல்லாருடைய பல்லும் வரிசையாகத் தெரிந்தது.

குகை வாசலில் மலைப்பாம்பும் கொக்கும் ஆவலோடு காத்திருந்தார்கள். கொக்கு இரண்டு காலையும் ஊன்றி நின்றார். அவ்வளவு பரபரப்பு.

"வாப்பா வா. கோரையனைப் பத்தி ஏதோ குறை சொல்ல வந்திருக்கியாமே."

"குறையா? கோரையன்கிட்டயா?" என்றான் கூழைவாலன். "தங்கமான பிராணி ஐயா."

கொக்கின் முகம் விழுந்தது. அவன் படுத்திருக்கிற இடம் புறம்போக்குத்தானே என்று எடுத்துக்கொடுத்தார். அவன் தாத்தா காலத்திலிருந்து அவர்களுடைய சொந்த இடம், அதைத் தவறாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும் என்றான் கூழைவாலன். ஓடையை மறித்திருக்கிறானா என்றார். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட மறிக்காதவன் என்றான். சத்தம்? சங்கீதம் மாதிரி. நாற்றம்?

"அவன் நாத்தத்துலகூட ஒரு நாணயம் இருக்கும் ஐயா."

மலைப்பாம்பு குறுக்கே வந்தார். இந்த வருடம் நிதி மிஞ்சுகிறது, ஒரே ஒரு புகார் சொல், உன் படியை இரண்டு படி ஆக்குகிறேன் என்றார். கூழைவாலன் குகைக்குள் எட்டிப் பார்த்தான். பூக்குவியல் கூரை தொட்டது. வாசனை மூக்கைத் துளைத்தது. அவனுக்கும் நாக்கு ஊறத்தான் செய்தது.

"பூவுக்காக ஒரு நல்லவன் பேரைக் கெடுக்க மாட்டேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுத் திரும்பினான்.

மறுநாள் யானைகள் கோரையன் குழிக்கு வந்தன. அரசாங்கம் ஒருவனை இவ்வளவு பாராட்டி யாரும் கேட்டதில்லை. அப்பழுக்கில்லாத உரிமையாளர், அண்டை அயலார் மெச்சும் உத்தமர் என்று அரசாங்க அறிவிப்புக்கு வந்த மயில் நின்று முழங்கியது. மற்றவர்களுக்கு ஒரு மாலை, கோரையனுக்கு இரண்டு. பிறகு குழியை மூடி மிதித்துச் சமமாக்கினார்கள்.

கோரையன் மாலையும் கழுத்துமாகக் கூழைவாலனிடம் வந்தான். பின்னால் அவன் பெண்டாட்டி பிள்ளைகள். என்னண்ணே சொன்னீர்கள் என்று கேட்டான்.

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலப்பா. அவங்க பூ குடுக்கிறோம்னு சொல்லியும் சொல்லல."

கூழைவாலன் முதுகில் நின்றிருந்த கொக்கு, அது நிஜம்தான் என்று சலிப்போடு தலையசைத்தார்.  தன்னைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்னவனைத் திட்டக் கோரையனால் முடியவில்லை. கண் கலங்கியது. நன்றி என்று சொல்லிவிட்டு மலை ஏறினான். வழி நெடுகப் பார்த்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே போனான். பகைவனுக்காகப் பூவை உதறிய எருமை என்று கூழைவாலன் பெயர் காடு முழுக்கப் பரவியது. குட்டிகளை அழைத்துவந்து குழிக்கரையில் நிறுத்தி, இவரைப் போல் இருக்க வேண்டும் என்று காட்டினார்கள்.

பூரணி மட்டும் அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை.

பாதை போட்டு முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கூழைவாலன் சேற்றில் மூக்குவரை இறங்கினான். பாதையில் புலி அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார். குழிக்கரைக்கு வந்ததும் மரியாதையாக வளைந்து போனார். கொக்கு முதுகில் குனிந்து வேலையில் இருந்தார். ஆமையார் பக்கத்தில் படுத்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்திருந்தார். பழக்கத்தில் கூழைவாலன் மெல்லுவதற்கு எதையாவது மேலே கொண்டுவரப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அத்தனை வருடம் மென்றது கடைசியில் செரித்துவிட்டிருந்தது.

நீதி: பகைவனைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அரசாங்கத்தின் காதில் விழும்படி சொல்லுங்கள்.